கல்லூரியின் சாதாரண நாளைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

எந்தக் கல்லூரியின் ஆல்பத்தைத் திறந்தாலும் ஒரே மாதிரிப் படங்கள்தான் இருக்கும். குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், மைக் முன்னால் யாரோ பேசுகிறார்கள், விளையாட்டு விழாவில் கோப்பை கை மாறுகிறது, கடைசியில் மூன்று வரிசையாக நின்ற குரூப் போட்டோ. நான் படித்த அரசுக் கலைக் கல்லூரியில் பழைய கேன்டீனை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டினார்கள். சில வருடம் கழித்து, அந்தக் கேன்டீனின் ஒரு படமாவது கிடைக்குமா என்று பழைய மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து தேடினோம். இருபது வருடத்து ஆல்பங்கள் பீரோவில் பத்திரமாக இருந்தன, ஒன்றில்கூட அந்தக் கேன்டீன் இல்லை. தினமும் நூற்றுக்கணக்கான பேர் டீ குடித்த இடம், சண்டையும் சமாதானமும் அரியர் பயமும் பேசித் தீர்த்த இடம். விழாவுக்கு வந்த விருந்தினர்கள் அந்தப் பக்கம் போகவில்லை, அதனால் கேமராவும் போகவில்லை.

அந்த ஏமாற்றத்தில்தான் நான் இதில் இறங்கினேன். இப்போது கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து அவர்கள் வளாகத்தின் அன்றாடத்தைப் படமாகச் சேர்க்கிறோம். கையில் கேமரா இருந்தாலும் சரி, போன் மட்டும் இருந்தாலும் சரி, இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்காக, நாங்கள் செய்து பார்த்து உருப்படியாக வந்த விஷயங்களை எழுதுகிறேன்.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹோமாய் வியாரவாலா என்றதும் நேரு, மவுண்ட்பேட்டன், காந்தியின் இறுதி ஊர்வலம் என்று வரலாற்றுப் படங்கள்தான் நினைவுக்கு வரும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று சொல்லப்படுகிறவர், 2011இல் பத்ம விபூஷண் பெற்றவர். அவர் கை பழகியது பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் மாணவியாக இருந்த காலத்தில். 1930களில் கூடப் படித்த பெண்களையும் அந்த நகரத்தின் சாதாரண நாட்களையும் எடுத்தார், அவற்றில் பல அப்போது அவர் பெயரில்கூட வரவில்லை, பின்னாளில் கணவரான மானெக்‌ஷாவின் பெயரில் அச்சாயின. இன்று அந்த மாணவிகளின் படங்களைப் பார்த்தால், அந்தக் காலத்துக் கல்லூரிப் பெண் எப்படி உட்கார்ந்தாள், தோழிக்குப் பக்கத்தில் எவ்வளவு சுதந்திரமாக இருந்தாள் என்பதெல்லாம் எந்த ஆண்டறிக்கையிலும் கிடைக்காத அளவுக்குத் தெரிகிறது. எடுத்தவர் வெளியாள் இல்லை, அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். உங்களுக்கு இருக்கிற பெரிய வசதியும் அதுதான். நாளிதழ் புகைப்படக்காரர் ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போவார், நீங்கள் மூன்று வருடம் அங்கேயே இருக்கிறீர்கள்.

ஒரே ஒரு இடம்

"கேம்பஸ் வாழ்க்கை" என்று தலைப்பு வைத்துக்கொண்டு கிளம்பினால் மாடிப்படியில் சிரிக்கிற நாலு பேர், மரத்தடியில் புத்தகம் விரித்த பெண், பைக்கில் சாய்ந்த பையன் என்று படங்கள் வரும். அவற்றை எந்தக் கல்லூரியிலும் எடுத்திருக்கலாம். அதனால் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒரே ஒரு இடம். அது உங்கள் கால் தானாகப் போகிற இடமாக இருக்கட்டும், பல வகை மனிதர்கள் கலந்து புழங்குகிற இடமாக இருக்கட்டும், முடிந்தால் அங்கே கையால் செய்கிற வேலை ஏதாவது நடக்கட்டும். ஹாஸ்டல் மெஸ், சைக்கிள் ஸ்டாண்டு, கேட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை, கெமிஸ்ட்ரி லேப், லைப்ரரியில் பேப்பர் படிக்கிற மேஜை, பஸ் ஸ்டாப்.

நாங்கள் முதலில் எடுத்தது ஆண்கள் ஹாஸ்டல் மெஸ். மாணவர்களுக்குத் தெரிந்த மெஸ் என்பது காலை ஏழரையும் மதியம் ஒன்றும் ராத்திரி எட்டும்தான், தட்டோடு நிற்கிற அந்த மூன்று நேரம். நாங்கள் கடிகாரத்தை முழுசாகச் சுற்றிப் பார்த்தோம். காலை நாலரைக்கு அடுப்பு பற்றவைக்கிறார்கள், முதல் நாள் மாலை அரைத்த மாவு பொங்கி விளிம்பில் வழிந்திருக்கிறது, ஈரத்துணி விரித்த பெரிய தட்டுகளில் மாஸ்டர் ஒரே அளவாக மாவு ஊற்றிக்கொண்டே போகிறார், முதல் ஈடு எடுக்கும்போது எழும் ஆவியில் அவர் முகமே தெரியாது. எட்டே முக்காலுக்கு மேல் கூட்டம் வடிந்ததும் வேறு ஓர் இடமாக மாறிவிடுகிறது. பத்தரைக்கு வேலை செய்கிற அக்காக்கள் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்குகிறார்கள், அந்த நேரத்தில்தான் வீட்டுக் கதை பேசுகிறார்கள், அந்த நேரத்தில்தான் மாஸ்டர் தனக்கென்று ஒரு டீ போட்டு உட்கார்ந்து குடிக்கிறார். ராத்திரி ஒன்பதரைக்கு நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்த பிறகு, அறையில் தூங்குகிறவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒரு பையன் மெஸ் விளக்கின் கீழே வந்து படிக்கிறான். நான்கு மாதம் எடுத்த படங்களில் எல்லோரும் நின்று பார்த்தது பத்தரை மணிப் படங்களையும் ஒன்பதரை மணிப் படங்களையும்தான்.

பத்து முறையாவது அதே இடத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று முறை நீங்கள் விருந்தாளி. நாலாவது முறை "என்ன தம்பி, இன்னைக்கும் வந்துட்டியா" என்று கேட்பார்கள், அங்கே இருந்துதான் படம் ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், மழை நாளில் போய்ப் பாருங்கள், செமஸ்டர் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

மற்ற இடங்களுக்கு இதே முறைதான். ஜெராக்ஸ் கடைக்கு பிராக்டிகலுக்கு முந்தின நாள் கட்டாயம் போங்கள், ரெக்கார்டு நோட்டோடு வரிசை நிற்கும். பஸ் ஸ்டாப்பில் பின்னணியைக் கவனியுங்கள், ஏனென்றால் வருடத்தைச் சொல்வது பின்னணிதான். 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது, அதன் பிறகு அந்தப் பஸ்களின் முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். அந்த முகப்பு படத்தில் இருந்தால், முப்பது வருடம் கழித்துப் பார்க்கிறவர் இந்தப் பெண்கள் எந்தக் காலத்தில் கல்லூரிக்கு வந்தார்கள் என்று சொல்லிவிடுவார். 2011க்குப் பிந்தைய சில வருடங்களில் எடுத்த வகுப்பறைப் படம் என்றால் அரசு தந்த லேப்டாப் மேஜையில் இருக்கும். பின்னணியை மங்கவைக்கிற போர்ட்ரெய்ட் மோடை நான் வேண்டாம் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். அது அழித்துவிடுகிற பகுதியில்தான் நமக்கு வேண்டிய காலம் இருக்கிறது.

கேட்டுவிட்டு எடுப்பது

முதலில் காகிதம். பிரின்சிபாலுக்கு ஒரு பக்கக் கடிதம், ஹாஸ்டல் என்றால் வார்டனுக்கு இன்னொன்று. எந்த இடம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, யார் யார் எடுப்பார்கள், படங்களை எங்கே காட்டுவோம் என்று நாலு வரி போதும். அனுமதி கிடைத்ததும் அதன் நகலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வாட்ச்மேன் அண்ணா மாறுவார், ஒவ்வொருவரிடமும் காட்ட வேண்டியிருக்கும்.

அந்தக் கடிதம் கட்டடத்துக்கான அனுமதி. மனிதர்களிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும், இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நம் ஊரில் ஒரு படம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு பெண்ணுக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது. கேன்டீன் மேஜையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பது உங்களுக்கு அழகான வெளிச்சத்தில் அமைந்த நல்ல படம், அவளுக்கோ படிப்பே நின்றுபோகிற காரணம் ஆகலாம். எடுத்த உடனே போய்க் காட்டுங்கள். "வச்சுக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அழியுங்கள், போனில் "சமீபத்தில் நீக்கியவை" என்ற இடத்திலும் போய் அழியுங்கள். "சரி, ஆனா இன்ஸ்டாகிராம்ல போடாதீங்க" என்று சொன்னால் அதை அப்படியே குறித்துவைத்து, அப்படியே நடந்துகொள்ளுங்கள். இன்று சரி என்றவர் ஆறு மாதம் கழித்து வேண்டாம் என்றாலும் எடுத்துவிட வேண்டியதுதான். நல்ல படம் போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், எனக்கும் அடித்துக்கொண்டிருக்கிறது, இருந்தாலும் அந்த முகம் அவர்களுடையது.

சாதி விஷயத்திலும் கண் வேண்டும். தென் மாவட்டங்களில் கையில் கட்டிய கயிற்றின் நிறமே ஒருவர் இன்ன சாதி என்று சொல்லிவிடும். 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில், பள்ளி மாணவர்கள் அப்படிக் கயிறு கட்டுவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது அதனால்தான். கல்லூரி வாசலோடு அந்தக் கயிறு அவிழ்ந்துவிடுவதில்லை. படத்தில் யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது என்பதைப் படிக்கத் தெரிந்த கண்கள் வெளியே இருக்கின்றன. அப்படி ஒரு படம் வந்தால் அதில் இருக்கிறவரிடம் பேசுங்கள். சேமிப்பில் வைத்துக்கொண்டு வெளியே காட்டாமல் இருப்பதும் ஒரு வழி, நாங்கள் அப்படிச் சில படங்களை வைத்திருக்கிறோம்.

ராகிங் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் அது படத்துக்கான விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டப்படி குற்றம் அது. கேமராவைப் பையில் போட்டுவிட்டு, மாட்டிக்கொண்டிருக்கிறவன் பக்கத்தில் போய் நில்லுங்கள், வார்டனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் வேலை செய்கிறவர்கள். கழிவறை சுத்தம் செய்கிற அக்கா, தோட்டத்து அண்ணன், லேப் அட்டெண்டர், மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறவர். வளாகத்தை ஓட்டுகிறவர்கள் இவர்கள், கல்லூரி ஆல்பத்தில் இவர்கள் இருப்பதே இல்லை. இவர்களில் பலர் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள், படத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்தாலே "வேலை நேரத்தில் உட்கார்ந்திருந்தாயா" என்று கேள்வி வரலாம். அதனால் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது அனுமதி கேட்காதீர்கள், அவர் முன்னால் "வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு முடியாது. தனியாக இருக்கும்போது, வேலை முடிந்து கை கழுவிய பிறகு கேளுங்கள். முதல் நாள் கேமராவே எடுக்காமல் பேசிவிட்டு வந்தாலும் நல்லதுதான்.

தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைப் பல வருடமாகப் படமெடுத்துவரும் எம். பழனிகுமார், மதுரையில் மீன் விற்ற தன் அம்மாவையும் எடுத்திருக்கிறார். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். உழைக்கிற ஒருவரை இரக்கப்பட்டு மேலிருந்து எடுப்பதற்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து எடுப்பதற்கும் என்ன வேறுபாடு என்று நான் எவ்வளவு எழுதினாலும் விளங்காதது அங்கே ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். நடைமுறையில் ஒரு சின்னப் பழக்கம்: தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவரை எடுக்கும்போது நீங்களும் தரையில் உட்காருங்கள்.

போனும் வெளிச்சமும்

போன் போதும். உண்மையாகவே போதும். லென்ஸைத் துடையுங்கள், வியர்வையும் எண்ணெயும் படிந்து பாதிப் படங்கள் புகை மண்டிப்போவது அதனால்தான். பியூட்டி ஃபில்டர் எந்தப் பெயரில் இருந்தாலும் தேடி அணையுங்கள், பல போன்களில் வாங்கும்போதே அது போட்டிருக்கும், நம் தோலை வெளுப்பாக்கித் தள்ளிவிடும். நம் மக்களின் நிறத்தை நம் நிறமாகவே காட்டாத படம் ஆவணம் ஆகாது. கறுத்த முகத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுவரோ ஜன்னலோ இருந்தால் கேமரா ஏமாந்துபோய் முகத்தை இருட்டாக்கிவிடும், அப்போது திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் நகர்ந்து ஜன்னலைப் பக்கவாட்டில் கொண்டுவாருங்கள். இரண்டாவது வழிதான் நல்லது.

ஜூம் செய்யாமல் நடந்து கிட்டே போங்கள். போனின் மெயின் லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம், இடத்தையும் ஆளையும் சேர்த்துக் காட்ட அது நல்ல அகலம். ஆனால் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும், ஓரத்தில் நிற்கிறவர் இழுபட்டுத் தெரிவார். முகம் மட்டும் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு என்ற பொத்தானை வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் வாருங்கள். கேமரா வைத்திருக்கிறவர்கள் ஒரே லென்ஸோடு போங்கள், சிறிய சென்சார் (ஏபிஎஸ்-சி) கேமரா என்றால் 35 மி.மீ. கிட்டத்தட்ட 50 மி.மீ. பார்வையைத் தரும். பெரிய ஜூம் லென்ஸோடு மெஸ்ஸுக்குள் நுழைந்தால் எல்லோரும் தலைமுடியைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

வெயிலைப் பற்றி. காலை பதினொன்றிலிருந்து மூன்று வரை நம் ஊர் வெயில் தலைக்கு மேலே நின்று கண் குழியில் கறுப்பை நிரப்பிவிடும். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கே வருகிறது, தெற்கே போகப் போக ஏப்ரல் நாள் முன்னாலும் ஆகஸ்ட் நாள் பின்னாலும் நகரும். அந்த நாட்களில் மைதானத்தில் நிற்கும் பையனின் நிழல் அவன் காலடியிலேயே சுருண்டுகிடக்கும், அதுவே ஒரு படம்தான். மற்ற நாட்களில் அந்த நேரத்தில் வராந்தாவுக்குள் போய்விடுங்கள். வெளியே மணலிலும் சிமென்ட் தரையிலும் அடிக்கிற வெயில் திரும்பி வராந்தாவுக்குள் வந்து முகத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து மென்மையாக ஒளிகொடுக்கும். பழைய அரசுக் கல்லூரிகளின் நீள வராந்தாக்களில் கிடைக்கிற அந்த வெளிச்சம், காசு கொடுத்து ஸ்டுடியோவில் வாங்க முடியாதது. மரத்தடியில் எச்சரிக்கை: வேம்பும் புங்கமும் இலை இடுக்கு வழியே முகத்தில் பொட்டுப் பொட்டாக வெயிலைத் தெளிக்கும். ஆளை ஓரடி நகரச் சொல்ல வேண்டாம், நீங்கள் நகர்ந்து முகம் முழு நிழலில் விழுகிற கோணத்தையோ நேரத்தையோ பாருங்கள்.

வகுப்பறையிலும் மெஸ்ஸிலும் டியூப்லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/250, 1/500 வினாடி என்று ஏற்றினால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழலாம், மட்டமான எல்இடி விளக்கிலும் இதே தொல்லைதான். 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை போய்விடும். அந்த வேகத்தில் நடக்கிறவர் மங்கலாக வருவார், ஆகவே கரண்டி மேலே போய் ஒரு கணம் நிற்கிற இடத்தில், பேசிக்கொண்டிருப்பவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் எடுக்கப் பழகுங்கள். பகல் வெளிச்சத்தில் கபடி மாதிரி ஆட்டத்துக்கு 1/500க்குக் குறையாமல் போகலாம். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கேமரா ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓ 3200 வரை ஏறிப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் அந்த இடத்தின் வெளிச்சம் அந்த இடத்தின் வெளிச்சமாக இருக்கும். ஏசி போட்ட கம்ப்யூட்டர் லேபிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஈரம் பூத்துவிடும், ஐந்து நிமிடம் பொறுத்துத் துடையுங்கள்.

எடுக்கும்போது

முதல் நாள் எல்லோரும் போஸ் கொடுப்பார்கள். "அண்ணா ஒரு போட்டோ" என்று தோளில் கை போட்டு நிற்பார்கள், கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்துவார்கள். மறுக்காதீர்கள். சந்தோஷமாக எடுங்கள், நன்றாக எடுங்கள், அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அது அவர்கள் உங்களுக்குக் கொடுக்கிற மரியாதை. இரண்டாவது மூன்றாவது முறை அவர்களுக்கே அலுத்துப்போய்த் தங்கள் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள், அப்போது உங்கள் வேலை தொடங்கும். இன்னொன்று, அந்தப் போஸ் படங்களை வீசிவிடாதீர்கள். ஊர்ப்பக்க ஸ்டுடியோக்களில் நம் தாத்தா பாட்டி நின்ற படங்களை இன்று புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தில் ஆய்வாளர்கள் சேகரித்துப் படிக்கிறார்கள், மனிதர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டார் என்பதும் வரலாறுதான். கேப்ஷனில் "கேட்டு நின்ற படம்" என்று எழுதிவையுங்கள், அவ்வளவே.

மற்றபடி எதையும் நகர்த்தக் கூடாது. தட்டு கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும், பின்னால் குப்பைக்கூடை இருந்தால் இருக்கட்டும். "அக்கா, இன்னொரு தடவை ஊத்துங்க" என்று கேட்டுவிட்டால் அந்தப் படம் நடிப்பு ஆகிவிடுகிறது. தவறவிட்டது தவறவிட்டதுதான், நாளைக்கும் அவர் ஊற்றுவார், நீங்கள் நாளைக்கும் வரப்போகிறீர்கள்.

ஒரு இடத்துக்குப் போனதும் முதலில் முழு இடமும் தெரிய ஒரு படம், கதவருகே நின்று. பிறகு நடுத்தூரம், யார் யாரோடு என்ன செய்கிறார்கள் என்று தெரியும்படி. பிறகு கைகள். கைகளை நிறைய எடுங்கள், சாக்பீஸ் மாவு படிந்த கை, பைப்பட் பிடித்த கை, சில்லறை எண்ணுகிற கண்டக்டர் கை, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க நீட்டிய கை. முகம் காட்ட விரும்பாதவர்களுக்கும் இது வழி. பிறகு ஆளே இல்லாத பொருட்கள்: லேப் வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள், பெஞ்சில் செதுக்கிய பெயர்கள், நோட்டீஸ் போர்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சுற்றறிக்கைகள், ஹாஸ்டல் குழாயடியில் ஆளுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பக்கெட்டுகள். அந்தப் பக்கெட் வரிசை ஒன்றை வைத்தே அந்த ஹாஸ்டலில் எந்த மாதத்தில் தண்ணீர் எப்படி வந்தது என்று சொல்லிவிடலாம், மாதம் ஒரு முறை அதே இடத்தில் நின்று எடுத்தால்.

எழுதிவையுங்கள்

கேப்ஷன் இல்லாத படம் பத்து வருடத்தில் ஊமையாகிவிடும். அன்றைக்கு ராத்திரியே எழுத வேண்டும், மறுநாள் பெயர் மறந்துவிடும். யார், எங்கே, எந்த நாள், என்ன நடக்கிறது. "ஒரு பணியாளர்" என்று எழுதாதீர்கள். பிரின்சிபாலுக்குப் பெயர் போடுகிறோம் இல்லையா, சாம்பார் ஊற்றுகிறவருக்கும் பெயர் இருக்கிறது, அவர் சம்மதித்தால் அவர் சொல்கிற எழுத்துக்கூட்டலிலேயே போடுங்கள். எத்தனை வருடமாக வேலை செய்கிறார் என்று கேளுங்கள். எங்கள் மெஸ் மாஸ்டரிடம் கேட்டபோதுதான், அங்கே இருந்த எந்தப் பேராசிரியரையும்விட அவர் அதிக வருடம் அந்த வளாகத்தில் இருக்கிறார் என்று தெரியவந்தது.

அந்த இடத்தின் சொற்களையும் குறித்துவையுங்கள். ஒவ்வொரு வளாகத்திலும் ஒரு மரத்துக்கு ஒரு பெயர், ஒரு மதில் இடைவெளிக்கு ஒரு பெயர், மெஸ் குழம்புக்கு ஒரு பெயர் இருக்கும். அவை எந்த வரைபடத்திலும் இல்லை. முடிந்தால் போனில் இரண்டு நிமிடம் பேச்சையும் பதிவு செய்யுங்கள், அதற்கும் கேட்டுவிட்டு.

தேர்வு, சேமிப்பு

ஒரு செமஸ்டரில் இரண்டாயிரம் படம் சேரும். அதிலிருந்து இருபது எடுக்க வேண்டும். திரையில் பார்த்துத் தேர்வு செய்தால் பளிச்சென்று இருப்பவை மட்டும்தான் மேலே வரும், அதனால் நூறு படத்தைச் சின்னதாக அச்சிட்டுத் தரையில் பரப்பி, இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து பாருங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். மெஸ்ஸில் வேலை செய்கிற ஒருவரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். எங்களுக்கு ரொம்பப் பிடித்த ஆவிப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு ஓர் அக்கா, "இது இட்லிப் பானை இல்லப்பா, சோறு வடிக்கிறது" என்றார். கேப்ஷன் தப்பாகப் போயிருக்கும்.

வெளிச்சம், நிறம் சரிசெய்யலாம், ஓரம் வெட்டலாம். எதையும் அழிக்கக் கூடாது, எதையும் சேர்க்கக் கூடாது. பின்னால் நிற்கிறவரை ஒரு தொடுதலில் மறைத்துவிடும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

கோப்புகளுக்கு நாள் முதலில் வரும்படி பெயர் வையுங்கள், 20250714_மெஸ்_001 என்கிற மாதிரி. இரண்டு ஹார்டு டிஸ்கில் இரண்டு வெவ்வேறு வீட்டில் ஒவ்வொரு பிரதி, மூன்றாவது பிரதி இணையச் சேமிப்பில். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்கும்போது கேப்ஷன் கோப்பையும் சேர்த்துக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர், ஆனால் சம்பளத்துக்கோ காசு வாங்கிக்கொண்டோ எடுத்தால் உரிமை வேறு கைக்குப் போகலாம். ஆகவே யார் எதற்குப் பயன்படுத்தலாம், யார் யார் படத்தை வெளியே காட்டக் கூடாது என்பதை முதலிலேயே ஒரு தாளில் எழுதி நீங்களும் கல்லூரியும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

திருப்பிக்கொடுப்பது

இதை நான் கடைசியில் எழுதினாலும் நீங்கள் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். படத்தில் இருக்கிறவர்களுக்குப் பிரிண்ட் கொடுக்க வேண்டும். போனில் அனுப்புவது போதாது, காகிதத்தில், 4க்கு 6 அளவில், பின்னால் தேதி எழுதி. எங்கள் ஊரில் ஒரு பிரிண்டுக்கு ஒரு டீ காசுதான் ஆகிறது. படிப்பு முடிந்து போன் மாறும், நம்பர் மாறும், அந்தக் காகிதம் டிரங்குப் பெட்டியிலோ சாமி படத்துக்குப் பக்கத்திலோ இருக்கும். வேலை செய்கிற அக்காக்களில் சிலரிடம் ஆதார் அட்டைப் படத்தையும் கல்யாணப் படத்தையும் தவிர வேறு படமே இருந்ததில்லை. பிரிண்ட் கொடுத்த மறுநாள் ஒருவர் நல்ல சேலை கட்டி வந்து, "இன்னைக்கு ஒண்ணு எடு" என்றார். எடுத்தோம்.

கண்காட்சி வைக்க ஆடிட்டோரியத்தைத் தேடாதீர்கள். எந்த இடத்தை எடுத்தீர்களோ அதே இடத்தில் வையுங்கள். நாங்கள் மெஸ் சுவரோரம் துணி காயப்போடுகிற கயிறு கட்டி, கிளிப் மாட்டி, இருபது படங்களைக் கண் உயரத்தில் தொங்கவிட்டோம், மூன்று நாள். தட்டோடு நின்றுகொண்டே பார்த்தார்கள், கைபட்டு ஓரங்களில் சாம்பார் ஒட்டியது. ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கட்டிவைத்தோம், பெயர் தெரியாத பொருட்களுக்கும் தப்பான தேதிகளுக்கும் திருத்தம் அதில்தான் கிடைத்தது. மூன்றாம் நாள் ராத்திரி கயிற்றை அவிழ்க்கும்போது அவரவர் இருக்கிற படத்தை அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னோம். மாஸ்டர் தன் படத்தைச் சோற்றுப் பருக்கை தேய்த்து ஸ்டோர் ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டார். புளி மூட்டைக்கு மேலே, சரக்குப் பட்டியலுக்குப் பக்கத்தில், இன்னும் அங்கேதான் இருக்கிறது.